கம்பெனியிலேர்ந்து வருவாங்க

கோயில் உபதேசியார் சவப்பெட்டியின் மூடியைத் தூக்கியதும் பாக்கியமேரி குறுக்கே கையை வைத்துத் தடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. கம்பெனியிலேர்ந்து வருவாங்க."

"அக்கா, சாமியார் கோயில்ல காத்துக்கினு இருக்காரு. இது முடிஞ்சி அவுரு விழுப்புரம் போவணும்."

"வருவாங்க. முருகையனுக்கு வந்தாங்க இல்ல?"

உபதேசியார் மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நீயாவது சொல்லேன் என்பது போல அவள் மகள் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா என்னத்தைச் சொல்வாள்? எதிர்வீட்டு முருகையன் செத்தபோது கம்பெனி வேன் தெருமுனை வரை வந்தது உண்மை. சீருடையில் ஒரு கூட்டமே இறங்கியது. மானேஜரே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மாலை போட்டார். அந்தக் கூட்டத்தில் அப்பா இன்னாசிராஜும் இருந்தார். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, "எனக்கும் இப்படித்தான் வருவாங்க மேரி," என்றார். அந்தப் பேச்சை அம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

ஆனால் முருகையன் நிரந்தரம், அப்பா கான்ட்ராக்ட். அதே மெஷின், அதே ஷிப்டு, அதே அட்டைப்பெட்டி. வேலை இருக்கிற மாதம் கூப்பிடுவார்கள், இல்லாத மாதம் வீட்டில் இரு என்பார்கள்.

இந்த வித்தியாசத்தை வீடு வீடாகப் போய்க் கேட்பதுதான் ஜெசிந்தாவின் பிழைப்பு. யார் எப்படிப்பட்ட வேலையில் இருக்கிறார்கள், அதை வைத்து எந்தக் குடும்பம் வறுமையில் விழக்கூடும் என்று அளக்கிற கணக்கெடுப்பு அது. விழுப்புரத்தில் ஆபீஸ். அவளும் கான்ட்ராக்ட்தான், இன்று போகாத வீடுகளுக்கு இன்று சம்பளம் கிடையாது.

பயிற்சியின்போது முதலில் அவரவர் வீட்டில் கேட்டுப் பழகச் சொல்லி ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்தார்கள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்ன வேலைப்பா?"

"அட்டைப்பெட்டி கம்பெனி. பர்மனென்ட்னு போடு."

வேலை உத்தரவு இருக்கிறதா, பி.எஃப். பிடிக்கிறார்களா, சம்பளத்தோடு லீவு உண்டா என்று அடுத்தடுத்துக் கேட்டிருக்க வேண்டும். அம்மா பக்கத்தில் நின்றிருந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை. பழகத்தானே என்று அவர் சொன்னதையே தட்டினாள். ஆபத்து குறைவு என்று திரையில் பச்சை வந்தது. "பாத்தியா," என்று அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். மகள் படித்தவள், மெஷினும் சொல்லிவிட்டது. அம்மாவின் நம்பிக்கை அன்றிலிருந்து அசையவில்லை.

ஜெசிந்தா வீட்டுக்குப் பின்னால் போய்க் கான்ட்ராக்டருக்குப் போன் போட்டாள்.

"எந்த இன்னாசிராஜ்?"

"ஒட்டுற மெஷின்ல இருந்தாருங்க. விடியக்கால நெஞ்சுவலி வந்து…"

"அடப்பாவமே, அவரா? காலைல வரலன்னதுமே வேற ஆளப் போட்டாச்சும்மா."

"கம்பெனியிலேர்ந்து யாராச்சும் ஒருத்தர் வந்தா போதுங்க. அம்மா பெட்டியை மூட விட மாட்டேங்கிறாங்க."

"கம்பெனிக்கு அவரு பேரே தெரியாதும்மா. அவங்களுக்குத் தலை எண்ணிக்கைதான். நான் யாரைன்னு போய்க் கூப்புடுவேன்?"

போனை வைத்ததும் அவளுக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா மூச்சு நின்றபோதுகூட இப்படி அழவில்லை. வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இதைச் சொல்லி அழுவதற்கு ஒருவர்கூட இல்லை. யாரிடம் சொன்னாலும் அம்மாவின் காதுக்குப் போய்விடும்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகவே கிளம்பினாள். மேம்பாலத்துக்கு அடியிலிருந்த பூக்கடையில் இருப்பதிலேயே பெரிய மாலையாக வாங்கினாள். பக்கத்து ஸ்டாண்டிலிருந்த ஆட்டோக்காரருக்கு அவளைவிடப் பத்து வயது கூட இருக்கும்.

"அண்ணா, இத நீங்கதான் உள்ள வந்து போடணும். கம்பெனியிலேர்ந்து வர்றேன்னு சொல்லணும்."

"எந்தக் கம்பெனிம்மா?"

சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் முன்பின் தெரியாத அந்த ஒரு ஆளிடம்தான் அவளால் சொல்ல முடிந்தது. அவர் காக்கிச் சட்டையைக் கழற்றிச் சீட்டுக்கு அடியில் திணித்தார். உள்ளே கட்டம் போட்ட சட்டை. கண்ணாடியைத் திருப்பித் தலையைச் சீவிக்கொண்டார். தெருமுனைக்கு முன்பே அவள் இறங்கிக்கொண்டாள்.

மாலையோடு அவர் வாசலில் நின்றதும் பேச்சு அடங்கியது.

"கம்பெனியிலேர்ந்து," என்றார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். மாலையைப் போட்டுவிட்டு, சிலுவை போடத் தெரியாமல் கையெடுத்துக் கும்பிட்டார்.

பாக்கியமேரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள்.

"உக்காருங்க சார். யாராச்சும் சாருக்கு ஒரு சேர் போடுங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மத்தவங்கல்லாம் வரலீங்களா?"

"ஷிப்டு ஓடிக்கினு இருக்கும்மா. மெஷின நிறுத்த முடியாது."

அது நியாயம்தான் என்பது போல அவள் தலையாட்டினாள். கணவரின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவுரு எடத்துல யாரைப் போட்டு இருக்கீங்க சார்?"

பின்வாசல் வழியாக வந்து கதவோரம் நின்றிருந்த ஜெசிந்தாவை ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னும் யாரையும் போடலம்மா," என்றார் அவர்.

மாலை ஒரு பக்கம் புரண்டிருந்தது. பாக்கியமேரி அதை நேராக்கினாள். பிறகு உபதேசியாரிடம், "மூடுங்க," என்றாள்.