மணல் வாளி இருந்த மூலை

விடியும் முன்பே எங்கள் கைகள் சாம்பல் பூத்துவிடும். மூட்டு தேய்ந்தவர்களுக்கு வைக்கிற உலோக முழங்கால்களைச் செய்கிற கூடம் எங்களுடையது. சிமெண்டு வைத்து ஒட்டத் தேவையில்லாத வகை அது. ரொட்டியின் உள்பக்கம் மாதிரி பொடிப்பொடியாகத் துளைகள் இருக்கும். எலும்பு வளர்ந்து அதற்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். உலோகப் பொடியை உருக்கி இயந்திரம் வார்த்துத் தரும். துளைகளில் சிக்கிய பொடியைக் காற்றடித்து வெளியேற்றுவது எனக்கும் என் நாத்தனாருக்கும் வேலை. தோள்பட்டை கழன்றுவிடும். "ஊரெல்லாம் நடக்க வெச்சுட்டு நாமதான் நொண்டறோம் அண்ணி" என்று கிண்டலடிப்பாள். அவளை இந்த வேலைக்கு இழுத்துவந்ததே நான்தான்.

அன்று பொடி சேரும் தட்டை அவள் சுரண்டிக்கொண்டிருந்தபோது பொறி தெறித்தது. பொடி குப்பென்று பற்றிக்கொண்டது. இந்தப் பொடி எரிந்தால் காய்ந்த மணலைத்தான் கொட்ட வேண்டும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான். மூலைக்கு ஓடினேன். மணல் வாளியைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் பூந்தொட்டி. கைகால் ஓடவில்லை. பாவி நான், கழுவுகிற தொட்டியிலிருந்து தண்ணீரை அள்ளி வீசினேன்.

வெடித்தது. அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

"தோல் வெச்சுத் தைக்கணும். தள்ளிப்போட்டா விரல் மடங்காது" என்றார் டாக்டர். அவளை அங்கே படுக்கவைத்துவிட்டுக் கூடத்துக்குத் திரும்பினேன். முதலாளி எல்லாரையும் கூட்டி வைத்திருந்தார்.

"தண்ணிய ஊத்தினது யாரு?"

"நான்தான் சார்."

"கேட்டுக்கிட்டீங்களா? இவ செஞ்ச கூத்துக்கு நான் எதுக்கு வைத்தியம் பாக்கணும்? இவள வேலையில வெச்சிருக்கறதே பெரிசு."

என் கையால்தானே வெந்தாள்? அந்தக் குற்றம் நெஞ்சை அறுக்கிறது என்று தெரிந்துதான் அந்த மனுஷன் அதே இடத்தில் அழுத்தினார். ஆனால் நான் தலைகுனிந்து நின்றால் அவள் விரல்கள் போய்விடுமே!

"ஊத்தினது நான்தான் சார். சாகிற வரைக்கும் அது என்னை விடாது. வாளிய எடுத்தது யாரு?"

"போன வாரம் ஆஸ்பத்திரிக்காரங்க கூடத்தப் பாக்க வந்தாங்க, அசிங்கமா இருந்துச்சு, எடுக்கச் சொன்னேன். வாளி இல்லன்னு உங்கள்ல ஒருத்தராவது வந்து சொன்னீங்களா?"

மெருகு போடுகிற சோடாபுட்டி தன் தடித்த கண்ணாடியைக் கழற்றினார்.

"சொல்லல சார். தினமும் பாத்துக்கிட்டுதான் போனேன். நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்."

"நானும் பாத்தேன்" என்றாள் பெட்டி கட்டுகிறவள். "பூ அழகா இருக்குன்னு வேற சொன்னேன்."

"அப்போ தப்பு உங்க எல்லார் மேலயும்தான்!" என்றார் முதலாளி.

"ஆமா சார். வாய மூடிக்கிட்டு இருந்தது தப்பு" என்றார் சோடாபுட்டி. "அதான் இப்ப சொல்றோம். அந்தப் பொண்ணு கைக்கு நீங்கதான் வைத்தியம் பாக்கணும். பாக்கற வரைக்கும் மெஷின் ஓடாது."

"நாளைக்கே வேற ஆள் வரும், பாருங்க" என்று கத்திக்கொண்டே முதலாளி போனை எடுத்தார்.

இயந்திரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. அத்தனை பேரும் வாசலை அடைத்து உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசி நான் சுவரோரம் ஒதுங்கி நின்று அழுதேன். பெட்டி கட்டுகிறவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"அழுடி, நல்லா அழு. ஆனா இங்க உக்காந்து அழு."