மூன்றாவது கூவலில் உடையும் குரல்

வெர்லின் ஸ்டாம்பருக்குத் தன் மச்சான் மேல் சந்தேகம் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. சந்தேகம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். தங்கை புருஷன் ஆர்லிஸ் தன் பெட்டியைத் திருடிவிட்டான் என்று அவர் மனதுக்குள் தீர்ப்பே எழுதி முடித்திருந்தார். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு காலை வேளைதான் பாக்கி.

பெட்டி என்றால் வான்கோழியை அழைக்கிற பெட்டி. ஒரு சாண் நீளத்துக்கு ஒல்லியான மரத்தொட்டி, மேலே துடுப்பு மாதிரி ஒரு மூடி. மூடியின் அடியில் சுண்ணக்கட்டி தடவி, தொட்டியின் விளிம்பில் வைத்து இழுத்தால் பெட்டை வான்கோழி போலக் கூவும்; அதை நம்பிச் சேவல் வான்கோழி துப்பாக்கிக்கு எதிரே வரும். ஒழுங்காகச் செய்திருந்தால் கூவும். இல்லாவிட்டால் எண்ணெய் காணாத கதவு மாதிரி கிறீச்சிடும். அந்தக் குளிர்காலத்தில் வெர்லின் பதினோரு பெட்டி செய்தார். பத்து அடுப்புக்குப் போயின. பதினோராவதை, இடி விழுந்த தேவதாரு வேலிக்கம்பத்திலிருந்து இழைக்கும்போது கை தவறி, இடது பலகை ஒரு நூல் மெலிந்துவிட்டது. அதையும் அடுப்பில் போடத்தான் எடுத்தார். போடுமுன் சும்மா இழுத்துப் பார்த்தார். முதல் இரண்டு கூவலும் சுத்தம். மூன்றாவதில் குரல் தொண்டைக்குள்ளேயே உடைந்தது, ஆசையை அடக்க முடியாத பெட்டைக்கு உடைவதுபோல. ஆயிரம் குரலுக்கு நடுவில் கேட்டாலும் அந்த உடைசல் தன்னுடையது என்று அவர் சத்தியம் செய்வார்.

அன்று பட்டறையில் ஆர்லிஸும் இருந்தான்.

“மச்சான், இத எனக்குக் குடுத்துரு. பதிலுக்கு என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போ.”

“அவ என் தங்கச்சிடா. கட்டிக் குடுத்து இருபத்தெட்டு வருசமாச்சு. இனிமே திருப்பி வாங்கிக்கிறதா இல்ல.”

இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைக் காணோம். பனி பட்டால் பெட்டி ஊமையாகிவிடும் என்று, ஊரில் எல்லாரையும்போல அவரும் அதை ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். பெட்டியும் இல்லை, பையும் இல்லை. அந்த வாரம் பட்டறைக்கு வந்தவன் ஆர்லிஸ் ஒருவன்தான். சுண்ணக்கட்டி கேட்டு வந்தான். சுண்ணக்கட்டி அவனுக்கு எதற்கு?

“எங்க வச்சேன்னு நல்லா யோசிச்சுப் பாரு” என்றாள் மனைவி ஜெனீவா.

“வச்ச எடத்துலதான் வச்சேன். எடுத்தவன்தான் யோசிக்கணும்.”

அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் சாட்சியாகவே பட்டது. வரும்போதெல்லாம் “எங்க, அந்தப் பெட்டிய ஒரு தடவ இழு” என்று நச்சரிக்கிறவன், இப்போது அதன் பேச்சையே எடுக்கவில்லை. ஈஸ்டர் விருந்துக்குப் போனபோது அவன் பிக்கப் வண்டியின் பின்தட்டில் சிவப்பாக மரத்தூள் கிடந்தது. தேவதாருத் தூள், மோந்து பார்த்தே உறுதி செய்துகொண்டார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்ததும் ஆர்லிஸ் அவசர அவசரமாக மேசைமேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினான். கேட்டுவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. தங்கை முகத்தைப் பார்த்து, வாயில் பன்றிக்கறியை அடைத்துக்கொண்டார்.

பெட்டி போனால் இன்னொன்று செய்துகொள்ளலாம். இருபத்தெட்டு வருஷமாக ஒவ்வொரு வேட்டைக் காலத்தின் முதல் நாளும் ஒரே ஓக் மரத்தில் முதுகு சாய்த்து உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்த முதுகுதான் இப்போது திருட்டு முதுகாகத் தெரிந்தது. அவரால் தாங்க முடியாதது அதுதான்.

ஏப்ரலில் வேட்டைக் காலம் திறந்தது. “முட்டி வலிக்குது, இந்த வருசம் நீ மட்டும் போ” என்று முந்தின நாளே ஆர்லிஸிடம் போனில் சொன்னார். சுத்தப் பொய். தனியாக விட்டால் பெட்டியை வெளியே எடுக்காமலா இருப்பான்?

விடிவதற்குள், அவர்கள் வழக்கமாக வேட்டையாடும் குன்றின் மறுபக்கம் வண்டியை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார். பள்ளத்துக்கு அப்பால் ஒரு சேவல் மரத்தில் இருந்தபடியே கடகடவென்று கத்தியது. வெளிச்சம் வந்து கால்மணி நேரம் இருக்கும். பள்ளத்துக்குள்ளிருந்து பெட்டைக் குரல்.

கியாவ். கியாவ். கி... யவ்.

மூன்றாவதில் உடைந்தது.

வெர்லினுக்குக் காது மடல் சூடேறியது. ‘திருட்டுப் பயலே!’

அவர் பட்டறைச் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருப்பார்: ‘பெட்டைக் குரல் கேட்டால் அங்கே மனுஷன் இருக்கிறான். அதை நோக்கிப் போகாதே.’ போகக் கூடாத இடத்துக்குப் போய்க் குண்டடி பட்டவர்கள் கதையை, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்திவைத்துச் சொல்லுவார். ஊருக்குத்தான் உபதேசம். இப்போது அவரே நாலு காலில் தவழ்ந்து, அந்தக் குரலை நோக்கிப் பள்ளத்தில் இறங்கினார். முட்டி வலிக்கிறது என்று சொன்ன பொய் உண்மையாகிக்கொண்டிருந்தது. பிடித்ததும் என்ன பேசுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். “இதுக்கா உனக்குப் பொண்ணு குடுத்தோம்?” என்று ஆரம்பிக்கலாம்.

ஓக் மரங்கள் பூத்துத் தூள் கொட்டுகிற காலம். மூக்கு அரித்தது, தும்மல் முட்டியது. விழுந்து கிடந்த மரத்தின் பின்னால் ஒண்டி, பையில் கைவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டு தலையை மெல்ல உயர்த்தினார்.

மரத்துக்கு அந்தப்புறம் ஆர்லிஸ் இல்லை.

ஒரு பெட்டை வான்கோழி நின்றது. நிஜமானது. சருகைக் காலால் சீய்த்துவிட்டு, கழுத்தை நீட்டிக் கூவியது. கியாவ். கியாவ். மூன்றாவதில் குரல் உடைந்தது.

வெர்லினுக்குத் தும்மலே நின்றுபோனது.

“மச்சான்.” முப்பது அடி தள்ளி, புதருக்குள்ளிருந்து ஆர்லிஸின் குரல், ரொம்ப மெதுவாக வந்தது. “தலையத் தூக்காத. அந்தத் துணிய மொதல்ல உள்ள வை.”

பெட்டை படபடவென்று எழும்பிப் பறந்தது. வெர்லின் கையைப் பார்த்தார். நீலக்கரை போட்ட வெள்ளைக் கைக்குட்டை. ஏப்ரல் மாதம் காட்டுக்குள் வெள்ளை, நீலம், சிவப்பு எதையும் எவனும் கொண்டு போகமாட்டான்; சேவலின் தலை அந்த நிறம். ஆத்திரத்தில் கிளம்பியவர் கைக்குக் கிடைத்ததைப் பையில் திணித்திருந்தார்.

ஆர்லிஸ் எழுந்து வந்தான். முகம் மாவு பூசினமாதிரி வெளுத்திருந்தது. துப்பாக்கியைத் திறந்து தோட்டாவை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தான். ஒன்று கை தவறிச் சருகில் விழுந்தது.

“துப்பாக்கிப் பூட்டத் தள்ளித் தொறந்துட்டேன் மச்சான். வெள்ளையும் நீலமும் மட்டுந்தான் தெரிஞ்சுது. விரலு விசைக்குப் போயிருச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, உன் பெட்டிச் சத்தம் கேட்டுச்சுல்ல. மூணாவதுல உடைஞ்சுது. முட்டி வலின்னு பொய் சொல்லிட்டு, எனக்கு முன்னாடி வந்து குந்தியிருக்கான் பாரு கெழவன்னு திட்டிக்கிட்டேதான் இருந்தேன். அங்க ஆள் இருக்கு, அது நீதான்னு தெரியும். அதனால விரல எடுத்தேன்.” பறந்துபோன திசையைப் பார்த்தான். “இது நெஜப் பெட்டையா? அப்ப உன் பெட்டி எங்க?”

வெர்லின் கைக்குட்டையைச் சுருட்டிப் பைக்குள் திணித்தார்.

“நீ எதுக்கு மச்சான் தவந்து வந்த? செவுத்துல எழுதிப் போட்டவனே நீதான?”

இதற்கு மேல் ஒளிக்க இடமில்லை. “பெட்டி காணாமப் போயி ரெண்டு மாசமாச்சு. நீ எடுத்தேன்னு நெனச்சேன். கையோட பிடிக்கலாம்னு வந்தேன்.”

ஆர்லிஸ் துப்பாக்கியை மூடித் தோளில் மாட்டினான்.

“ஈஸ்டருக்கு என் மேசையில ஒக்காந்து ரெண்டு தடவ கறி வாங்கித் தின்னியே. அப்பவும் நான் திருடன்தானா?”

“ஆமா.”

ஆர்லிஸ் தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து இழுத்தான். எண்ணெய் காணாத கதவுதான் கிறீச்சிட்டது. “நானே செஞ்சது. ஏழாவது. உன் முன்னாடி எடுத்தா சிரிப்பியேன்னுதான் சாக்கப் போட்டு மூடுனேன்.” பெட்டியை உள்ளே வைத்தான். விழுந்த தோட்டாவைக் குனிந்து பொறுக்கினான். “வண்டி வரைக்கும் நீயே நடந்து போயிருவேல்ல?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் வழியே போனான்.

மதியம் ஜெனீவா ஃப்ரீசரைக் குடைந்துகொண்டிருந்தாள். மான்கறிக்கு அடியில், நன்றிநாள் விருந்தில் வான்கோழிக்குள் வைத்து அடைக்கச் சேர்த்துவைக்கிற மிச்ச ரொட்டிப் பைகள். அதில் ஒன்று மேடையில் டொக்கென்று விழுந்தது.

“என்ன இது, ரொட்டி கட்டையாக் கெடக்கு?” பிரித்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள். “வெர்லின்... காப்பி குடிக்கையில நீதான் மேசையில வச்சிட்டுப் போயிருப்ப. நான் மிச்ச ரொட்டின்னு உள்ள தள்ளிட்டேன்.”

வெர்லினுக்கு அவள்மேல் கோபம்கூட வரவில்லை. பெட்டியை ரொட்டிப் பையில் சுற்றி வைக்கிற ஊரில், வீட்டு ரொட்டிப் பைகளைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சந்தேகப்பட்டிருக்கலாம். அவர் மச்சானைச் சந்தேகிக்கிற சுலபமான வழியைப் பிடித்திருந்தார். பெட்டியைக் கையில் எடுத்தார். சாப்பிடாமல் கிளம்பினார்.

ஆர்லிஸ் வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். வெர்லின் ஃப்ரீசர் கதையைச் சொல்லிப் பெட்டியை நீட்டினார். “இது உன்னோடது. வாங்கிக்க.”

ஆர்லிஸ் அதை வாங்கி மூன்று தரம் இழுத்தான். மூன்றாவதில் உடைந்தது. கேட்டுவிட்டு, திரும்ப வெர்லின் கையிலேயே வைத்தான்.

“உன்கிட்டயே இருக்கட்டும். அந்தச் சத்தம் கேட்டா அங்க நீ இருக்கேன்னுதான் இனிமேயும் நெனப்பேன்.”

“அது நெஜப் பெட்டையா இருந்துச்சுன்னா?”

“இருந்துட்டுப் போகட்டும். சுடாம விட்டு ஒரு சேவலு போனாப் போகுது.”

வெர்லின் பெட்டியை ரொட்டிப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டார். மூக்கு ஒழுகியது. கைக்குட்டையை எடுக்கத் தைரியம் வரவில்லை. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.