காவல் கோபுரத்துக் காற்று

கல்யாணம் ஆகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, என் பெண்டாட்டி சம்பூர்ணம் ஆலங்காயத்தில் அப்பன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். கேட்டால் நாற்றமாம். நான் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் தோலை ஊறப்போடுகிற வேலை பார்ப்பவன். என் மேலே நாற்றமாம், வீட்டில் நாற்றமாம், குடிக்கிற தண்ணீரிலும் நாற்றமாம். பத்து வருஷமாக அங்கேயே மூச்சு விடுகிற எனக்குத் தெரியாத நாற்றம் இவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? “பாசாங்கு பண்ணாதம்மே!” என்று தெருவே கேட்கக் கத்தினேன். மறுநாள் காலையில் அவள் இல்லை.

இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று அன்றைக்கே நடக்கத் தொடங்கி, ஆலங்காயத்தில் அவள் எதிரே போய் நின்றேன்.

“வர்றியா, இல்லியா?”

“மொதல்ல மலமேல இருக்கற கோபுரத்துக்கு வாங்க. அப்பறம் பேசலாம்.”

“இன்னா வெளாட்டா? வேல வெட்டிய உட்டுட்டு வந்துகீறேன்!”

அவள் செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு நடந்தாள். முள்ளும் சரளையுமான ஒற்றையடிப் பாதை. அவள் ஆட்டுக்குட்டி மாதிரி தாவிப் போனாள். நான் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஏறினேன்.

கடைசித் திருப்பத்தில் வாய் அடைத்துப் போயிற்று. எந்த ராஜா காலத்துக் காவல் கோபுரமோ! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. ஒரு ஜோடி மாடு இழுக்க முடியாத கற்கள். இத்தனை உயரத்துக்கு யார் தூக்கினார்கள், எப்படித் தூக்கினார்கள்? கை தன்னால் கும்பிட்டது. உள்ளே இருட்டில் சுவரைத் தடவித் தடவிப் படியேறி மேல் தளத்துக்கு வந்தேன்.

அம்மாடி, உலகம் இவ்வளவு பெரிதா! பாலாற்று மணல் வெள்ளை வெளேரென்று கிடந்தது. ரயில் மரவட்டையாய் ஊர்ந்தது. ஆம்பூர்தான் உலகம் என்று இருந்தேனே, அது ஒரு மூலையில் மங்கலாய்க் கிடந்தது. முதலாளி, மேஸ்திரி, என் ரோஷம் எல்லாம் அந்த மங்கலுக்குள் அடக்கம்.

காட்டுப் பக்கமிருந்து காற்று முகத்தில் வந்து மோதியது. அதில் என்னென்னவோ வந்தன. பச்சைப் புல், வெயில் காய்ந்த பாறை, எங்கேயோ பூத்த வேப்பம்பூ. எனக்கு மூக்கு என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கக் கையை முகத்துக்குக் கொண்டுபோனேன்.

ஐயோ! சுண்ணாம்பும் ஊறின தோலும் குப்பென்று அடித்தது. இதோடு இவள் ஒரே பாயில் படுத்தாளா?

“தெரியுதா?” என்றாள் சம்பூர்ணம்.

“தெரியுது.”

கீழே இறங்கினோம். அடிவாரத்தில் பாதை பிரிந்தது. ஒன்று ஆலங்காயத்துக்கு, மற்றது ஆம்பூர் சாலைக்கு.

“நீ உங்கப்பா ஊட்லயே இரும்மே. உன்ன நான் கூப்ட மாட்டேன்,” என்றேன்.

அவள் நின்று என்னைப் பார்த்தாள். “நாத்தத்துக்கா போனேன்? நாத்தத்தோடதான ஒரு மாசம் இருந்தேன்? பாசாங்குன்னு சொன்னீங்களே, அதுக்குப் போனேன்.”

நான் ஆலங்காயம் பாதையையே பார்த்தபடி நின்றேன். கொஞ்ச தூரம் தள்ளி அவள் குரல் கேட்டது.

“அங்க இன்னா பாத்துனு கீறீங்க? நம்ம ஊடு இந்தப் பக்கம்!”