குடிக்காத கப்சூல்

நாயாற்றுக் களப்பில் கெளுத்தி முள் குத்திய ஹமீடின் வலது கால் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. பன்னிரண்டு வருட இடப்பெயர்வு முடிந்து ஊர் திரும்பி, வள்ளம் இறக்கி ஒரு மீன்பிடிப் பருவம்கூட ஆகாத மனிதர். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

“வெட்டினால் வெட்டட்டும், மஸீனா.”

“வெட்டுறதுக்கு அதென்ன பூவரசங் கொப்போ? சும்மா கிடவுங்கோ,” என்றாள் மனைவி.

புண் கழுவ வந்த டொக்டர் விமலேஸ்வரி பழைய கேள்வியையே மறுபடி கேட்டாள். “இஞ்ச வர முதல் மருந்துக் குளிசை ஏதும் குடிச்சவரோ, அக்கா? ஊசி ரெண்டு மாத்தியும் கேக்குதில்லை.”

“ஒண்டும் குடிக்கேல்லை, டொக்டர்.”

அது பொய்யில்லை, கண்டீர்களோ. கட்டுச் சீலை அவிழ்ந்த காலைப் பார்த்து மஸீனா பெருமூச்சு விட்டாள். “நான் தூவேக்க எவ்வளவு வடிவாக் காய்ஞ்சது!”

டொக்டரின் கை நின்றது. “என்னத்தத் தூவினீங்கள்?”

“புண்ணுக்குக் குடிக்கிற கப்சூலை உடைச்சு, உள்ளுக்க இருக்கிற தூளைத்தான். பக்கத்து வீட்டுப் பத்மாசனியக்கா தந்தவா. அது முடிய வேற வீடுகளில வாங்கினனான். எல்லாரிட்டயும் மிச்சம் ரெண்டு மூண்டு கிடக்கும்தானே.”

“அதுகும் மருந்தெல்லோ!”

“நீங்கள் குடிச்சதோ எண்டுதானே கேட்டீங்கள்?”

விமலேஸ்வரிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அரைகுறையாகப் பட்ட மருந்துக்குத் தப்பிய கிருமிகள்தான் அந்தப் புண்ணில் பெருகிக் கிடந்தன. சீழைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்த்ததில், அந்தக் கிருமிக்குக் கேட்கக்கூடிய மருந்து ஒன்றே ஒன்று என்று பதில் வந்தது.

“பழைய ஊசி, அக்கா. சின்னப் புரதத் துண்டு மாதிரி. கிருமியின்ர தோலையே கிழிக்கும். தவளைத் தோலில ஊறுற கிருமி கொல்லியைப் பாத்து, இப்பிடியானதுகளை இப்ப ஆய்வுகூடத்தில விஞ்ஞானியள் தாங்களே கோத்துச் செய்து பாக்கினமாம். அது எங்களிட்ட வர எத்தினை வருசமோ! இது இருக்கு, ஆனா சிறுநீரகத்தைத் தாக்கும். சலம் போறது குறைஞ்சால் சொல்லவேணும்.”

“நானே அளக்கிறன்.”

மஸீனா போத்தலில் கோடு கீறி நேரத்துக்கு நேரம் அளந்தாள். ஆறாம் நாள் சலம் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. சொன்னால் ஊசி நின்றுவிடும், கால் போய்விடும். போத்தலை முந்தானைக்குள் மறைத்தவள், மறுகணமே வெளியே எடுத்துக்கொண்டு டொக்டரிடம் நடந்தாள்.

“நீங்கள் கேக்க முதலே சொல்லுறன். குறைஞ்சிட்டுது.”

“நல்ல வேளை சொன்னீங்கள். நிப்பாட்டத் தேவையில்லை, அளவைக் குறைச்சுப் போடுவம்.”

பத்தாம் நாள் டொக்டர் கத்தியால் புண்ணைச் சுரண்டியபோது, இத்தனை நாளும் காலில் தொட்டதும் தெரியாமல் மரக்கட்டையாய்க் கிடந்த ஹமீட் துள்ளி எழுந்தார்.

“அல்லாஹ்! நோகுது!”

செத்த சதைக்கு அடியில், சிவந்த புதுச் சதையில் இரத்தம் பொடித்து நின்றது.

“கத்துங்கோ,” என்றாள் மஸீனா, அவர் காலை இறுக்கிப் பிடித்தபடி. “நல்லாக் கத்துங்கோ.”