அவளைக் கேட்காமல் போட்ட கையெழுத்து

சலவை நிலையத்தின் இஸ்திரிப் பிரிவுக்குச் சின்னவள்தான் பொறுப்பு. இரண்டு பெண்களில் இளையவள் என்று வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முப்பத்தாறு வயதாகி, தனக்குக் கீழே பதினோரு பேர் வேலை பார்க்கிற நிலைக்கு வந்த பிறகும் உதிரவில்லை. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் ஈரத்தோடு போய்ச் சூடான உருளைகளுக்குள் நுழைந்து, மறுபக்கம் மொடமொடவென்று வெளியே வரும். அந்த மறுபக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றபடியே பிடித்து மடிக்க வேண்டும். மாதத்தில் ஆறேழு நாள் அந்த நிற்பு அவள் உயிரை எடுத்தது. உதிரப்போக்கு அப்படி. கறுப்பைத் தவிர வேறு நிறம் உடுத்தியே வருஷங்கள் ஆகியிருந்தன. மேசைக்கு எதிரே நின்று மடிக்கும் தோழியைக் கேலிக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். யார் துக்கத்துக்கு இத்தனை நாளாகக் கறுப்பு என்று அவள் கேட்கும்போது சின்னவளும் சிரித்து வைப்பாள்.

சிரிக்க முடியாத குறை ஒன்றும் இருந்தது. ஒன்பது வயதில் ஒரு மகள் உண்டு. அதற்குப் பிறகு வயிற்றில் எதுவும் தங்கவில்லை. மகள் பிறந்ததே பெரும்பாடு. வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகு ரத்தம் நிற்காமல் போய், இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். மகளுக்கு மூன்று வயதானதும் இன்னொன்று வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஆசைப்பட்டு ஆறு வருஷம் ஆயிற்று. யார் என்ன கஷாயம் சொன்னாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த மாமியார் வரும்போதெல்லாம் ஒற்றைப் பிள்ளையைப் பற்றி ஏதாவது குத்தலாகச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஆறுதலுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். ஒருத்தி அக்கா. மாதாமாதம் போன் செய்து, அழுது முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்பாள். இன்னொருவர் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர், அதிகம் பேசாதவர். தள்ளிப்போகும் என்று எண்ணியிருந்த நாளில் மாதவிலக்கு வந்துவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுப்பார். "விடு. அடுத்த மாசம் பார்க்கலாம்" என்பார். டாக்டரிடம் போகலாமா என்று கேட்டால் மட்டும் முகம் மாறிவிடும். போன தடவை பட்டது போதாதா, மறுபடியும் கத்தியின் கீழ் படுக்க வேண்டுமா என்பார். தன் மேல் உள்ள அக்கறை என்றே அவள் அதை எடுத்துக்கொண்டாள். இப்படி ஒரு மனுஷன் கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று கேலிக்காரியிடம் பெருமை பேசியதும் உண்டு.

அந்த வருஷம் நிர்வாகம் பெண்களுக்காக ஒரு பரிசோதனை முகாம் வைத்தது. சாப்பாட்டு அறையின் ஒரு மூலையில் திரை கட்டி, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். வந்திருந்த நர்சின் கையில் உள்ளங்கையளவு ஒரு கருவி. வயிற்றின் மேல் வைத்து நகர்த்தினால், பக்கத்தில் இருக்கும் சிலேட்டு மாதிரியான திரையில் உள்ளே இருப்பதெல்லாம் தெரிந்தது. முன்பெல்லாம் இதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு அரை நாள் காத்துக் கிடக்க வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொண்டே பார்த்தாள். பேச்சு பாதியில் நின்றது.

"காப்பர் டி எப்போ போட்டீங்க?"

அப்படி எதுவும் போடவில்லை என்றாள் சின்னவள்.

நர்ஸ் கருவியைச் சற்றுச் சாய்த்து மறுபடி பார்த்தாள். பிறகு திரையை இவள் பக்கம் திருப்பினாள். சாம்பல் நிறத்துக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு, அதன் தலையில் குறுக்கே இன்னொன்று.

"கர்ப்பம் தங்காம இருக்கப் போடறது இதுதான். இதோட நுனியில இருக்கற நூல் மேலே சுருண்டு போயிருக்கு, அதனால உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. பிரசவத்தப்பவே போட்டிருப்பாங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?"

சின்னவள் மேசையிலிருந்து இறங்கினாள். வயிற்றில் தடவியிருந்த பசையைத் துடைத்துக்கொண்டு போய், உருளையின் மறுபக்கம் நின்று சாயங்காலம் வரை மடித்தாள். எத்தனை மடித்தாள் என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி செய்த தவறாகத்தான் இருக்கும், முதலில் அதை உறுதி செய்துகொண்டு கணவரிடம் சொல்லலாம், அவரே போய்ச் சண்டை போடுவார் என்று நினைத்தாள். மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மகள் பிறந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். பழைய கோப்புகள் இருக்கும் அறையில் குமாஸ்தா ஒருவர் தேதியைக் கேட்டுக்கொண்டு போய், அரை மணி நேரம் கழித்துத் தூசி தட்டியபடி ஒரு கோப்போடு வந்தார்.

ஆறாவது தாளில் அது இருந்தது. ரத்தப்போக்கு நின்ற பிறகு கருத்தடைச் சாதனம் பொருத்தப்பட்டது. அடுத்த கர்ப்பத்துக்குக் குறைந்தது மூன்று வருஷ இடைவெளி தேவை. அதன் பின் அகற்றிக்கொள்ளலாம். நினைவு திரும்பியதும் நோயாளிக்கு விளக்கவும். கீழே ஒப்புதல் கையெழுத்து, அவள் கணவருடையது. ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக நிறுத்தி எழுதும் கை. பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. அது அக்காவுடையது. சாதனத்தைப் பற்றிய விவர அட்டை உறவினரிடம் கொடுக்கப்பட்டது என்று கடைசி வரி.

அவள் அந்தத் தாளை மூன்று முறை படித்தாள். ஆஸ்பத்திரி மேல் வைத்திருந்த கோபம் எங்கே போய் நிற்பதென்று தெரியாமல் தடுமாறியது. குமாஸ்தா, உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மாடியில் இருந்த பெண் டாக்டர் கோப்பை முழுக்கப் படித்தார். இளவயதுதான், ஆனால் அவசரப்படாதவர். அப்போதெல்லாம் ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையே எடுத்துவிடுவார்கள், உங்களுக்கு எடுக்காமல் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றார். இப்போது நல்ல மருந்துகள் வந்துவிட்டன, உள்ளே பலூன் வைத்து அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் முறை இருக்கிறது, முன்கூட்டியே தெரிந்தால் ரத்தமெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு பிரசவம் பார்க்கலாம் என்றார். பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், ஆனால் முன்பு போல் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குகிற காரியமில்லை என்றார். மாதாமாதம் படும் அவதிக்கும் பெரும்பாலும் அந்தக் காப்பர் டிதான் காரணமாக இருக்கும் என்றார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும். அன்னைக்கு உங்களுக்கு நினைவு இல்ல. நினைவு வந்ததும் எங்க ஆளுங்களே உங்க கட்டிலுக்கு வந்து சொல்லியிருக்கணும். அட்டையைச் சொந்தக்காரங்க கையில குடுத்துட்டு விட்டது தப்பு."

இன்றைக்கே எடுக்க முடியுமா என்று கேட்டாள் சின்னவள். மெல்லிய குழாயில் காமிரா வைத்துப் பார்த்தே எடுத்துவிடலாம், மயக்க மருந்துகூட வேண்டாம், பத்து நிமிஷம் ஆகும் என்றார் டாக்டர். கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று கேட்டார்.

"கையெழுத்துப் போடவா?"

"கையெழுத்து உங்களோடது மட்டும் போதும். வீட்டுக்குப் பத்திரமா கூட்டிட்டுப் போகத்தான் கேட்டேன்."

கேலிக்காரிக்கு போன் செய்தாள். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அவள் ஓடி வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் முதல் முறையாகக் கேலிக்கு வார்த்தை கிடைக்காமல் கையை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

எடுத்து முடித்து ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு, சின்னவள் நேரே அக்காவின் வீட்டுக்குப் போனாள். அக்கா துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தாளின் நகலைப் பார்த்ததும் கையில் இருந்த துணியைப் பிழியாமலேயே தொட்டிக்குள் போட்டாள். மறுக்கவில்லை. மூன்று வருஷம் போனதும் சின்னவளின் கணவரே சொல்லிவிடுவார் என்று நினைத்ததாகவும், ஒரு தடவை தான் சொல்லப் போனபோது அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியதாகவும் சொன்னாள். அப்புறம் நாளாக நாளாகச் சொல்ல முடியாமலே போய்விட்டதாம்.

"ரெண்டு நாள் நீ கண்ணைத் திறக்கலடி. வெளியே நின்னது நாங்க. உனக்கு அது தெரியாது."

"அந்த ரெண்டு நாளுக்கு நீங்க செஞ்சது சரிக்கா. மிச்ச ஒன்பது வருஷமும் நான் முழிச்சுக்கிட்டுதானே இருந்தேன்?"

அக்கா அழுதாள். எத்தனையோ மாதம் இவள் அழுததை அவள் போனில் கேட்டிருக்கிறாள். இவளுக்கு அங்கே நின்று கேட்கப் பிடிக்கவில்லை.

கணவர் வேலையிலிருந்து வந்தபோது மகள் பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். தாளை மேசை மேல் வைத்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்படியே நின்றார். பிறகு பேசினார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசியதில்லை. கட்டிலுக்கு அடியில் ரத்தம் சொட்டியதைப் பார்த்தவன் நான், அதற்கப்புறம் குழந்தை என்ற வார்த்தையைக் கேட்டாலே அந்தத் தரைதான் கண்ணுக்குள் வரும் என்றார். சொன்னால் நீ எடுத்துவிடுவாய் என்று தெரியும், எடுத்தால் உன்னை இழந்துவிடுவேன் என்று தோன்றியது என்றார். அத்தனையும் உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

"பயம்னு என்கிட்ட சொல்லியிருந்தா, ரெண்டு பேருமா பயந்திருக்கலாம். மாசாமாசம் முதுகைத் தடவிக் குடுத்து, அடுத்த மாசம் பார்க்கலாம்னு சொன்னீங்களே. எதைப் பார்க்கச் சொன்னீங்க?"

அவர் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. இதை உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்ல வேண்டும், நான் பக்கத்தில் இருக்கும்போது. ஞாயிற்றுக்கிழமை காலை மாமியார் வீட்டுக்குப் போனார்கள். கணவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லி முடித்தார். மாமியார் தன் பிள்ளைக்குத்தான் பரிந்து பேசுவார், மனைவி உயிரைக் காப்பாற்றியவன் என்று தூக்கி வைப்பார் என்று எண்ணி, பதிலுக்கு என்ன சொல்வதென்றெல்லாம் வழிநெடுக யோசித்து வந்திருந்தாள் சின்னவள்.

மாமியார் பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"நான் இவளை வாய்க்கு வந்தபடி பேசினப்போ எல்லாம் நீ பக்கத்துலதானேடா உட்கார்ந்திருந்தே. என்னை ஏன் பேச விட்டே?"

பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, கேட்கிற பழக்கமும் அவருக்கு இல்லை. திரும்பி நடக்கும்போது சின்னவளுக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமாக யாரை எதிரியாக நினைத்தாளோ அந்த ஒருத்தி மட்டும்தான் அவளிடம் எதையும் மறைக்கவில்லை. மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொன்ன கிழவியின் சொல்லைவிட, தன்னைத் தட்டிக்கொடுத்த கைகள்தான் அதிகம் வலித்தன.

அவள் வீட்டை விட்டுப் போய்விடவில்லை. மகளின் அறையில் படுத்துக்கொண்டாள். சமையல், துணி, மகளின் பள்ளிக்கூடம் என்று எல்லாம் நடந்தது. அவசியத்துக்கு இரண்டு வார்த்தை பேசினார்கள். அக்காவின் போன் ஒலித்தால் ஒலித்து ஓயட்டும் என்று விட்டாள்.

மூன்று மாதத்தில் உடம்பு தேறியது. அவதி பாதிக்கு மேல் குறைந்து, எட்டு மணி நேரம் நின்றாலும் இடுப்பு அதிகம் வலிக்கவில்லை. மறுபரிசோதனைக்குப் போனபோது, எல்லாம் நன்றாக இருக்கிறது, இன்னொரு குழந்தைக்கு யோசிப்பதானால் நாளை வீணாக்க வேண்டாம் என்றார் டாக்டர். ஆறு வருஷமாக எந்த வார்த்தைக்காகக் காத்திருந்தாளோ அதே வார்த்தை. ஆனால் அந்தக் குழந்தைக்குத் தகப்பன் வேண்டும். அவர் கை மேலே பட்டாலே இப்போது அவளுக்கு உடம்பு சுருங்குகிறது. அதை டாக்டரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் முடிவு செய்யவில்லை, செய்தால் தானே வந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வெளியே, சாலையின் எதிர்ப்புறத்தில் கணவர் நின்றிருந்தார். வரச் சொல்லி அவள் கூப்பிடவில்லை. இன்று மறுபரிசோதனை என்று மகள் சொல்லித் தெரிந்துகொண்டிருப்பார். வேலை உடுப்பில் எண்ணெய்க் கறையோடு, வண்டிகளுக்கு நடுவே புகுந்து வந்து, பக்கத்தில் நடந்தபடி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"என்கிட்ட சொன்னாங்க" என்றாள் சின்னவள்.

பேருந்து வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.