மீதி ஐந்து நிமிஷம்

சல்விங்கின் விரல்களில் இருந்த வெட்டுத் தழும்புகளை மறைக்க, முகத்துக்குப் பூசும் பவுடரையே குழைத்துத் தடவிக்கொண்டிருந்தாள் நெரிசா. வணிக வளாகத்தின் மூன்றாவது மாடியில், சினிமா அரங்குகளை ஒட்டிய பெண்கள் கழிப்பறை. வெளியே இலோய்லோ நகரத்தின் பிற்பகல் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளே ஏசி குளிரில் பல் கிட்டியது. முப்பது வருஷம் சிப்பி உடைத்த கை அது. கத்தி சறுக்கிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள். பவுடர் ஒன்றின் மேலும் நிற்கவில்லை.

“விடுடி. கையையா பார்க்கப் போறாங்க?”

“கோப்பையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்போது கைதான்க்கா முன்னாடி தெரியும்.”

சல்விங் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். சாயம் பூசிய உதடுகளை ஒருமுறை மடித்து விரித்தாள். “பெட்டியில வைக்கிற பொணத்துக்குப் போட்ட மாதிரியே போட்டிருக்கே,” என்று சிரித்தாள். நெரிசாவும் கூடவே சிரித்து வைத்தாள்.

‘வற்றுக் கடல்’ படம் போன மாதம் மணிலாவில் பரிசு வாங்கியிருந்தது. சிறந்த நடிகை, சல்விங். அவளை விமானத்தில் கூட்டிப்போக ஏற்பாடு செய்ய முடியவில்லை என்று சொல்லி, கோப்பையை இயக்குநர் என்சோவே மேடையேறி வாங்கிக்கொண்டான். இன்று சொந்த ஊரின் திரைப்பட விழாவில் முதல் படமே அதுதான். கோப்பையும் இங்கேதான் அவள் கைக்கு வரப்போகிறது. சல்விங் இன்னும் படத்தைப் பார்க்கவில்லை. நெரிசா நாற்பது தடவையாவது பார்த்திருப்பாள். நேற்றுவரைக்கும், “மூணு மணி நேரம் உட்காரணும்க்கா, உங்களுக்கு இடுப்பு வலி தாங்காது,” என்று சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. தெருவே கிளம்பி வந்திருந்தது, வாழையிலையில் சுட்ட பிபிங்கா என்கிற அரிசியப்பப் பொட்டலங்களோடு.

நெரிசா பள்ளிக்கூடத்தில் நாடகம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். சினிமாப் பைத்தியத்தில் அந்த வேலையை விட்டாள். இதே விழாவுக்கு மூன்று வருஷம் குறும்படம் அனுப்பினாள். மூன்று முறையும் இரண்டு வரிக் கடிதத்தோடு திரும்பியது. என்சோ மணிலாவிலிருந்து வந்து, ஊர்மொழி தெரிந்த ஒரு உதவி இயக்குநர் வேண்டும் என்றபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. கதைக்கு ஒரு சிப்பிக்காரி தேவைப்பட்டாள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன மகளுக்காகக் காத்திருக்கிறவள். அடுத்த சந்தில் இருந்த சல்விங்கை நெரிசாதான் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். சல்விங்கின் மகள் லோரலின் சவுதியில், ஜெட்டாவில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். “இவங்க நடிக்கவே வேணாம். இருந்தாலே போதும்,” என்றான் என்சோ.

இருந்தாள். வெகு அழகாகவே இருந்தாள். மகள் செத்துப்போன செய்தி வரும் காட்சியில் மட்டும் அவளுக்கு அழுகை வரவில்லை. கேமராவைப் பார்த்து வெட்கப்பட்டாள். டிவி நாடகத்தில் பார்த்ததுபோல மார்பில் அடித்துக்கொண்டு, அடித்த வேகத்தில் சிரித்துவிட்டாள். நான்கு நாள் வீணாயிற்று. ஐந்தாம் நாள் காலை, கடல் வற்றிச் சேறு தெரிந்த நேரத்தில், என்சோ நெரிசாவைத் தனியே அழைத்துப் போனான்.

“நான் சொன்னா நம்பமாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க,” என்றான். “ஒரே தடவைதான் எடுக்க முடியும். அடுத்த படத்துல நீதான் எனக்கு அடுத்த ஆள். யோசிச்சுக்கோ.”

நெரிசா யோசித்தாள். ஒரு சிகரெட் தீருகிற நேரம்கூட யோசிக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். படப்பிடிப்பு நேரத்தில் எல்லாருடைய செல்போன்களும் ஒரு பெட்டியில் கிடக்கும். ஆகவே சல்விங்கால் யாரையும் கூப்பிட்டுக் கேட்க முடியாது. அதையும் யோசித்தது நெரிசாதான். முழங்கால் புதையும் சேற்றில் ஓடினாள். மூச்சு நிஜமாகவே வாங்கியது.

“அக்கா, ஏஜென்சியிலேர்ந்து போன். நம்ம லோரலின்... மாடியிலேர்ந்து விழுந்துட்டாளாம்க்கா. போயிட்டாளாம்.”

ஒன்பது நிமிஷம் கேமராக்கள் ஓடின. நடுவில் ஒருவன் நிதானமாக லென்ஸ் மாற்றினான். பிறகு நெரிசா இரண்டாம் முறை ஓடினாள். வேற ஏதோ லோரலினாம், பேர் குழம்பிப்போச்சாம், நம்ம பொண்ணு நல்லாயிருக்காளாம். சல்விங் அவள் இரண்டு கைகளையும் பிடித்து மாறி மாறி முத்தம் கொடுத்தாள். அன்றைக்குப் பொறுக்கிய சிப்பி அத்தனையையும் படக்குழுவுக்கே உடைத்துக் கொடுத்தாள். எல்லாரும் வினிகர் தொட்டுத் தின்றார்கள். நெரிசாவும் தின்றாள்.

இப்போது அரங்கில் விளக்கு அணைந்தது. முதல் ஒரு மணி நேரம் சல்விங்குக்குக் கொண்டாட்டம். தன் வீடு திரையில் வந்தபோது, “ஐயோ, அந்தத் துணியை எடுத்திருக்கலாமே,” என்றாள். பின் வரிசையில் தெருக்காரர்கள் பெயர் சொல்லிக் கூவினார்கள். அப்புறம் அந்தச் சேறு வந்தது. தூரத்திலிருந்து ஒரு பெண் ஓடிவருகிறாள். முகம் தெரியவில்லை, முதுகு மட்டும். அந்த முதுகு தன்னுடையது என்று நெரிசாவுக்குத் தெரியும்.

திரையில் சல்விங் அலறினாள். மனிதக் குரல் மாதிரி இல்லை. நடுவே வார்த்தைகள் வந்தன. கீழே ஆங்கில எழுத்தும் ஓடியது, ஆனால் அரங்கில் இருந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை.

“வர்றேன்னு எழுதினாளே! அடிக்கிறாங்கம்மா, கூட்டிக்கோன்னு எழுதினாளே! நான் படிச்சேனே! படிச்சுட்டு, போன் தண்ணியில விழுந்துட்டுதுன்னு பொய் சொன்னேனே! அவ காசு வரலைன்னா கூரை பாதியில நின்னுடுமேன்னு நினைச்சேனே! நான்தான்டி கொன்னேன் உன்னை!”

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்த செய்தி அது. லோரலின் அந்த வீட்டில் மேலும் ஏழு மாதம் கிடந்து அடிபட்டு, தானாகவே வேறு வீடு மாறிக்கொண்டாள். அம்மாவுக்குச் செய்தி வந்து சேரவே இல்லை என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருந்தாள்.

என்சோவுக்கு ஊர்மொழி தெரியாது. படத்தொகுப்பின்போது அவன் வேறு ஒரு துண்டைத்தான் எடுத்து வைத்திருந்தான், சத்தமில்லாமல் சேற்றில் உட்கார்ந்திருக்கும் பகுதி. நெரிசாதான் திரையில் விரலை வைத்து, “டைரக்டர், இது இல்ல. உண்மையான விஷயம் இங்கதான் வருது,” என்றாள். அவன் அவளைப் பார்த்த பார்வையில் அன்றைக்கு முதல்முறையாக மரியாதை இருந்தது. அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தாள்.

அரங்கின் இருட்டில் சல்விங்கின் நகங்கள் நெரிசாவின் முழங்கைக்கு மேலே இறங்கின.

“இதையெல்லாம் நான் சொன்னேனா?”

நெரிசா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பவா கேமரா ஓடிக்கிட்டிருந்துச்சு?”

“நிறுத்த மறந்துட்டாங்கக்கா.”

பின் வரிசையில் யாரோ, “அடிப்பாவி, தெரிஞ்சேவா?” என்று மெல்லச் சொன்னது கேட்டது. சல்விங் திரும்பிப் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். மேடையில் மூன்று நாற்காலிகள். ஓரத்தில் ஒரு முக்காலியின் மேல் செல்போன். விழாக்காரர்கள் நேரலையில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சல்விங் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “லோரலினுக்கு இன்னிக்கு லீவு. உட்கார்ந்து பார்க்கச் சொல்லியிருக்கேன்டி,” என்றாள். படத்தை நேரலையில் காட்டியிருக்க மாட்டார்கள் என்று நெரிசா அவசரமாகச் சொன்னாள். சல்விங்குக்கு மூச்சு வந்தது. அதே நேரம் நிகழ்ச்சியை நடத்துகிறவர், கோப்பையைக் கொடுப்பதற்கு முன்னால் பரிசு வாங்கித் தந்த அந்தக் காட்சியை இன்னொரு முறை பார்த்துவிடலாம் என்றார். திரையில் மறுபடி சேறு வந்தது. நேரலைச் செல்போனும் திரைப்பக்கம் திரும்பியது.

கோப்பை கனமாக இருந்தது. சல்விங் அதை மடியில் வைத்துக்கொண்டாள். யாரோ, இந்த நடிப்பை எப்படி வாங்கினீர்கள் என்று என்சோவிடம் கேட்டார்கள். மணிலாவில் பத்து முறையாவது சொல்லியிருந்த கதை. வளவளவென்று ஆங்கிலத்தில் சொன்னான். நான்கு நாள் தோல்வி, ஐந்தாம் நாள் யோசனை, செல்போன்கள் பெட்டியில், ஓடிவந்த நெரிசா. “ஒன்பது நிமிஷம் அவங்க மகள் இந்த உலகத்துல இல்ல. அந்த ஒன்பது நிமிஷம்தான் என் படம்.” மணிலாவில் இந்த இடத்தில் கை தட்டுவார்கள். இங்கே சத்தமே இல்லை. சல்விங் ஒருத்தியைத் தவிர அரங்கில் ஏறக்குறைய எல்லாருக்கும் புரிந்துவிட்டது.

“என்ன சொல்றாரு?” என்றாள் சல்விங்.

“உங்களை மாதிரி நடிகையை அவர் பார்த்ததே இல்லையாம்க்கா.”

சல்விங் எழுந்து, அவ்வளவு பேரையும் பார்த்துத் தலை குனிந்து நன்றி சொன்னாள்.

நடு வரிசையில் ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள். கோபத்தோடு மைக்கைப் பிடுங்கி வாங்கினாள். ஊர்மொழியிலேயே பேசினாள். “அத்தை, அந்தம்மா உங்களுக்குச் சரியா சொல்லல. அன்னிக்குத் தப்பா போன் வரல. போனே வரல. உங்களை அழ வைக்கிறதுக்காக இவங்க ரெண்டு பேரும் பேசி வச்சுப் பொய் சொல்லியிருக்காங்க. இதை நீங்க தெரிஞ்சுக்கணும். உங்களுக்கு இப்ப என்ன தோணுது?”

அரங்கு முழுக்கச் செல்போன்கள் உயர்ந்தன. சல்விங்கின் முகத்துக்கு இப்போது என்ன ஆகும் என்று பார்க்க எல்லாருக்கும் ஆசையாக இருந்தது, நியாயம் கேட்டவளுக்கும்கூட.

சல்விங் நெரிசாவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் இல்லை. பிறகு முக்காலியின் மேலிருந்த செல்போனை நேராகப் பார்த்து, சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவள் படம் முழுக்க ஒரு இடத்திலும் சிரிக்கவில்லை.

“எனக்குத் தெரியாதா என்ன? எல்லாம் பேசி வச்சுத்தான் செஞ்சோம். அந்தக் கத்தினது, அந்தச் செய்தி, போன் தண்ணியில விழுந்தது, எல்லாம் வசனம். இவதான் எழுதிக் கொடுத்தா. நாலு நாள் மனப்பாடம் பண்ணேன்.” செல்போனைப் பார்த்தபடியே சொன்னாள்: “வெறும் வசனம்டி தங்கம். நிஜத்துல அப்படி எந்தச் செய்தியும் எனக்கு வரல.” பிறகு நெரிசாவின் பக்கம் திரும்பினாள். “சொல்லேன். நீதானே எழுதின?”

நெரிசா வாயைத் திறந்தாள். ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அது தொண்டைவரை வந்தும்விட்டது. ஆனால் என்சோ அவள் பக்கம் சாய்ந்து, என்ன சொல்கிறார்கள் என்று கேட்டான். சொன்னாள். அவன் முகம் சுருங்கியது. மைக்கை இழுத்தான்.

“இல்ல, இல்ல. அவங்க அடக்கத்துல சொல்றாங்க. என் படத்துல ஒரு வார்த்தைகூட எழுதினது இல்ல. எல்லாம் அவங்க வாழ்க்கை. நிஜம். அதுக்குத்தான் இந்தப் பரிசே. நெரிசா, அவங்களுக்கும் ஜனங்களுக்கும் தெளிவா சொல்லு.”

அவன் கை அவள் நாற்காலி முதுகின் மேல் இருந்தது. அடுத்த படம் ஜூனில் தொடங்குகிறது. தெருக்காரர்கள், கல்லூரிப் பெண், உயர்ந்து நின்ற செல்போன்கள், எல்லாம் அவள் வாயையே பார்த்தன.

“வசனம் எதுவும் எழுதலைன்னு டைரக்டர் சொல்றாரு,” என்றாள் நெரிசா. “அக்கா சொன்னதெல்லாம் அவங்க சொந்த வாழ்க்கையில நடந்ததாம்.”

அன்றைக்கு அவள் ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்தது அது ஒன்றைத்தான்.

வெளியே, விழாவின் பெயர் அச்சடித்த தட்டிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். சல்விங் சொன்ன இடத்தில் நின்றாள், சொன்ன பக்கம் திரும்பினாள். தெருக்காரர்கள் பிபிங்காப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கிளம்பிப் போயிருந்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, நகரும் படிக்கட்டுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, கோப்பையைத் தரையில் வைத்தாள் சல்விங்.

“ஏதோ நிமிஷம்னு சொன்னானே அவன், எத்தனை?”

“ஒன்பது.”

“படத்துல அவ்வளவு இல்லையே.”

“நாலுதான் வச்சோம்க்கா.”

“மீதி அஞ்சுல நான் என்ன சொன்னேன்? எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல.”

நெரிசாவுக்கு ஞாபகம் இருந்தது. மீதி ஐந்து நிமிஷத்தில் சல்விங், லோரலின் குழந்தையாக இருந்தபோது தூங்க வைக்கக் கூப்பிட்ட பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டாள். நான் வந்து உன் இடத்தில் படுத்துக்கொள்கிறேன், நீ எழுந்து வந்துவிடு என்று சேற்றைத் தட்டித் தட்டிச் சொன்னாள். படத்துக்கு அது நீளம் என்று எடுத்துவிட்டார்கள்.

அதை அப்படியே சொன்னாள். சல்விங் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள், வேறு யாரோ பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்பதுபோல.

“அதை எடுத்துக் கொடேன். அவளுக்கு அனுப்பணும். அது இருந்தா போதும்டி எனக்கு.”

நெரிசா ஓடினாள். என்சோ மின்தூக்கிக்குக் காத்திருந்தான். சொன்னதைக் கேட்டுவிட்டு நிஜமான வருத்தத்தோடு உதட்டைப் பிதுக்கினான். “படத்துல சேர்க்காத எதையும் வைக்கலையே. டிஸ்க்ல இடம் வேணும்னு ஜனவரியிலேயே அழிச்சாச்சு. நீதானே கூட உட்கார்ந்திருந்த?” மின்தூக்கி திறந்தது. “நல்லா சமாளிச்சே இன்னிக்கு,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அவள் திரும்பி நடந்து வரும்போதே தூரத்தில் செல்போன் ஒலிப்பது கேட்டது. ஜெட்டாவிலிருந்து வீடியோ அழைப்பு. சல்விங் போனை முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். இன்னும் எடுக்கவில்லை. எடுக்காத வரைக்கும் திரையில் அவள் முகம்தான் தெரிந்துகொண்டிருந்தது, சாயமும் பவுடருமாக. அதைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சிரித்துப் பார்த்தாள். சரியில்லை. உதட்டைத் துடைத்துவிட்டு, கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். அதுவும் சரியில்லை. நெரிசா நாலு அடி தள்ளி நின்றுவிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது; சல்விங் இன்னொரு முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.