நீலாம்பாள் கொடுத்த ரத்தம்

“முட்டு மடங்காம காலை மெள்ளத் தூக்குங்க. வலிக்க இடத்துல சொல்லணும்,” என்றார் டாக்டர் ரத்னாபாய்.

நீலாம்பாள் தூக்கினாள். தினமும் ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை வரைக்கும் நடந்தே போய் சாமி கும்பிட்டுவிட்டு நடந்தே திரும்புகிற கால் அது. ஐம்பத்தாறு வயதிலும் ஒரு தடையுமில்லாமல் எழும்பி மின்விசிறியைப் பார்த்து நேராக நின்றது.

“வலிக்கலியா?”

தான் நோயாளி என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

“வலிக்கு டாக்டரே. இந்தா, இப்பம் வலிக்கு,” என்று அவசரமாக முகத்தைச் சுளித்தாள். அடுத்த காலைத் தூக்கச் சொன்னபோது எச்சரிக்கையாகப் பாதி உயரத்திலேயே “அம்மாடி” என்று நிறுத்திக்கொண்டாள்.

அந்த வலி அவளுடையதல்ல. மகள் ஸ்ரீப்ரியாவுடையது. கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிற இருபத்தேழு வயதுப் பெண், எட்டு மாதமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். முதலில் நாற்காலியைக் குறை சொன்னார்கள். பிறகு பைபாஸில் பஸ் குலுக்குவதைச் சொன்னார்கள். மெத்தையை மாற்றினார்கள். வலி மட்டும் மாறவில்லை.

கல்யாணத்துக்கு முப்பத்தெட்டு நாள் இருந்தது. மாப்பிள்ளை ஹரிகுமார் கரமனைக்காரன்; வஞ்சியூரில் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பெரியவர்கள் பார்த்துப் பேசிய சம்பந்தம்தான் என்றாலும், நிச்சயம் முடிந்த மறுநாளிலிருந்தே போனை மாடிப்படிக்கு எடுத்துப் போய்ப் பேசத் தொடங்கிவிட்டாள் பெண். பேசிவிட்டு இறங்கி வரும்போது அவள் முகத்தில் இருக்கும் வெளிச்சத்தை நீலாம்பாள் ஒவ்வொரு நாளும் ஓரக்கண்ணால் பார்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்ததனால்தான் பயமும் கூடியது. போன வருஷம் சொந்தத்தில் ஒரு பெண் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று யாரோ சொல்லப்போய், மண்டபம் வரைக்கும் பேசி முடித்த கல்யாணம் நின்றுபோயிற்று. அந்தப் பெண் இப்போது எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை.

“இடுப்பு வலின்னு ஒரு ஆளு காதுல விழப்பிடாது மக்களே. கழுத்துல தாலி ஏறட்டும். அதுக்குப் பெறவு எந்த டாக்டர்கிட்ட வேணும்னாலும் போவோம்,” என்று மகளிடம் கெஞ்சினாள்.

“அதுவரைக்கும் என்னால முடியாதும்மா. காலையில எழும்ப முடியல்ல.”

“நான் போய் டாக்டர்ட்ட விவரமெல்லாம் சொல்லிக் கேட்டுட்டு வாறேன். போதுமா?”

ஸ்ரீப்ரியா அரை மனதாகத் தலையாட்டினாள். ‘என் மகளுக்கு இப்படி இருக்கிறது’ என்று அம்மா சொல்லுவாள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் மகள் என்று சொன்னால், எந்த மகள், என்ன வயது, கல்யாணம் ஆயிற்றா என்று கேள்வி வரும். ஐம்பத்தாறு வயதுக்காரிக்கு இடுப்பு வலி என்றால் யார் என்ன கேட்கப்போகிறார்கள்? வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு ஆஸ்பத்திரியைத் தேடிப் பிடித்து, சீட்டில் தன் பெயரையே எழுதச் சொன்னாள் நீலாம்பாள்.

சொன்ன விவரத்தில் மட்டும் ஒரு பொய்யும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு வலி எழுப்பிவிடும். புரண்டு படுக்கக் கட்டில் சட்டத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு வாரம் வலது பக்கம், மறுவாரம் இடது பக்கம். எழுந்ததும் முக்கால் மணி நேரம் உடம்பு பலகை மாதிரி இருக்கும். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். பெற்றவளைவிட வேறு யார் அவ்வளவு பார்த்திருக்க முடியும்?

“அந்த முக்கா மணிக்கூருக்குப் பெறவு?” என்று டாக்டர் கேட்டார்.

“நடந்தா கொறஞ்சிரும் டாக்டரே. உக்காந்தாத்தான் கூடுது.”

டாக்டர் பேனாவை நிறுத்தினார். “உங்க வயசுல நேர்மாறால்லா இருக்கணும்? நடந்தா கூடும், உக்காந்தா கொறையும். செரி, தேய்மானமாத்தான் இருக்கும். எதுக்கும் ரத்தம் ஒண்ணு பாத்திருவோம். கனத்தது தூக்காண்டாம், ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடுங்க.”

நர்ஸ் ஊசியோடு வந்தபோது நீலாம்பாள் இடது கையை நீட்டிக் கொடுத்தாள். குத்தியது வலிக்கவில்லை. மகளுக்கு வரவேண்டிய குத்தைத் தான் வாங்கிக்கொண்ட மாதிரி ஒரு நிம்மதிகூட இருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் மகளைக் கட்டிலைவிட்டு இறங்கவிடவில்லை. ஆபீஸ் வேலையை வீட்டிலிருந்தே, படுத்தபடியே செய்யச் சொன்னாள். தண்ணீர்ச் செம்பைக்கூடத் தூக்கவிடவில்லை. டாக்டர் எழுதிய வலி மாத்திரையையும் கால்சியத்தையும் வேளை தவறாமல் கொடுத்தாள். ஐந்தாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது, ஸ்ரீப்ரியா ஜன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிமிரவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் நின்றிருந்தாள். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மக்களே, ரெஸ்ட் எடுத்தும் இப்பிடி?”

“ரெஸ்ட் எடுக்க எடுக்கத்தாம்மா கூடுது.”

அன்றைக்கே நீலாம்பாள் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். டாக்டருக்கு அன்று ஓ.பி. இல்லை. ரத்தப் பரிசோதனை முடிவை மட்டும் வாங்கிக்கொண்டாள். கவுண்டரில் இருந்த பெண் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மலாணு அம்மா. பேடிக்கண்டா,” என்று மலையாளத்தில் பயப்பட வேண்டாமெனச் சொல்லிச் சிரித்தாள்.

நீலாம்பாளுக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது. திரும்பி வரும்போது வழியில் இறங்கிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தாள். வீட்டுக்குள் நுழையும்போதே சத்தம் கொடுத்தாள்.

“எல்லாம் நார்மலாம்! ஒரு கொறையும் இல்லையாம்! நான்தான் அப்பமே சொன்னேன் பாத்தியா?”

ஸ்ரீப்ரியா தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். மறுபடியும் மேலே போனாள்.

“அம்மா, பேரு நீலாம்பாள்னு போட்டிருக்கு.”

“ஆமா, வெளியத் தெரியாண்டாம்னு என் பேரைக் குடுத்தேன்.”

“வயசு அம்பத்தாறு.”

“என் பேருக்கு என் வயசுதானே போடணும்?”

“இது யாரு ரத்தம்மா?”

நீலாம்பாள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முழங்கை மடிப்பில் ஊசி குத்திய இடம் இன்னும் லேசாகப் பச்சையாகத் தெரிந்தது. அதை மகளும் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள்.

ஸ்ரீப்ரியாவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ, சிரிக்க வைக்காத, வலிக்கு” என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் எப்போது அழத் தொடங்கினாள் என்று நீலாம்பாளுக்குத் தெரியவில்லை.

“ஒனக்கு ஒண்ணும் இல்லம்மா, சந்தோஷம். எனக்கு என்னன்னு யாரு பாப்பாங்க?”

நீலாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்ததுகூடத் தன் உடம்புக்காகத்தான் என்று தோன்றியது. அது என்னவோ மற்ற எல்லாவற்றையும்விட வெட்கமாக இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் ஒன்றாகப் போனார்கள்.

டாக்டர் ரத்னாபாய் ஒரு முறை நீலாம்பாளைப் பார்த்தார், ஒரு முறை ஸ்ரீப்ரியாவைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த பழைய சீட்டைப் பார்த்தார்.

“அப்பிடியாக்கும் கதை. அன்னைக்கு உங்க கால் கூரைல முட்டும்போதே எனக்கு ஒரு இது தோணுச்சு.” குரலில் சிரிப்பு இருந்தது. அடுத்த கேள்வியில் அது போய்விட்டது. “நான் எழுதின மாத்திரைய இவளுக்கா குடுத்தீங்க?”

“ஆமா டாக்டரே.”

“இவளுக்கு வயித்துப்புண் இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ரெஸ்ட் எடுக்கச் சொன்னதும் உங்களுக்கு. இந்த மாதிரி வலிக்குப் படுத்துக் கெடந்தா கூடத்தான் செய்யும்.”

நீலாம்பாள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அவளை அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ரீப்ரியாவைக் குனியச் சொன்னார், நிமிரச் சொன்னார், இடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டை விரலால் அழுத்தினார். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மகள் துடிப்பதை நீலாம்பாள் பார்த்தாள். அன்று தான் போட்ட ‘அம்மாடி’ எவ்வளவு மோசமான நடிப்பு என்று புரிந்தது.

“வேற எங்கயாவது வலி உண்டா மக்களே?”

“குதிகாலுக்குப் பின்னாடி டாக்டர். தரையில கால் வைக்கும்போது.”

“அது செருப்பு கடிச்சதில்லா?” என்றாள் நீலாம்பாள்.

“நீங்க ஒரு நிமிஷம் சும்மா இருக்கேளா?” என்று டாக்டர் செல்லமாக அதட்டிவிட்டுக் குதிகால் தசைநார் எலும்பில் சேருகிற இடத்தைத் தொட்டார். ஸ்ரீப்ரியா காலை உருவிக்கொண்டாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு, நீலாம்பாளைப் பார்க்காமல் ஸ்ரீப்ரியாவைப் பார்த்துப் பேசினார். இது தேய்மானமில்லை. முதுகெலும்பு இடுப்போடு சேருகிற மூட்டில் வீக்கம் மாதிரி அழற்சி வருகிற ஒரு வாதம் என்று சந்தேகம். சின்ன வயதில்தான் தொடங்கும். ரத்தமும் ஸ்கேனும் பார்த்து, வாத நோய்க்கென்றே இருக்கிற டாக்டரிடம் காட்டித்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

“முழுசாப் போயிரும்னு வாக்கு தரமாட்டேன். ஆனா நேரத்தே பிடிச்சிட்டா நல்லாக் கட்டுக்குள்ள வைக்கலாம். தினமும் உடற்பயிற்சி செய்யணும், அதுதான் பாதி மருந்து. வேலைக்குப் போலாம், கல்யாணம் கழிக்கலாம், பிள்ளையும் பெறலாம். பிள்ளை வேணும்னு தோணினா மட்டும் முன்னாடியே சொல்லணும், மருந்தை அதுக்குத் தக்க மாத்தணும்.”

வராந்தாவுக்கு வந்ததும் ஸ்ரீப்ரியா போனை எடுத்தாள்.

“ஆருக்கு?” என்றாள் நீலாம்பாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது. போனின்மேல் கையை வைத்து மறித்தாள். “வேண்டாம் மக்களே. ஸ்கேன் வரட்டும். ஒருவேளை ஒண்ணும் இல்லைன்னா?”

“இருந்தா?”

“அவங்க வேண்டாம்னு சொல்லிட்டா நீ தாங்குவியா?”

“தாங்கமாட்டேன்,” என்றாள் ஸ்ரீப்ரியா. “ஆனா தினமும் காலையில அந்த ஆளுக்கு முன்னால நான் நடிக்கணும். ஒன்னால பத்து நிமிஷம் நடிக்க முடியலியே அம்மா.”

நீலாம்பாள் கையை எடுத்துக்கொண்டாள்.

அரை மணி நேரத்தில் ஹரிகுமார் வந்து சேர்ந்தான். ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து வராந்தாவில் பாதி தூரம் நடந்து வந்தான். ஸ்ரீப்ரியா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“எட்டு மாசமா?” என்றான் கடைசியில்.

“ம்.”

“போன வாரம் கோவளம் போலாம்னு கூப்பிட்டப்போ மழை வரும்னு சொன்னது இதுக்கா?”

“ம்.”

“மழையே வரல்லியே. நான் என்னைப் பிடிக்கல்லன்னு நெனச்சுக்கிட்டேன்.” கொஞ்ச நேரம் ஹெல்மெட்டின் பட்டையைத் திருகிக்கொண்டிருந்தான். “எனக்குப் பயமாத்தான் இருக்கு, பொய் சொல்லல்ல. இதப் பத்தி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. காலையில எத்தனை மணி வரைக்கும் அப்பிடி இருக்கும்?”

“இப்ப கூடிப்போச்சு. எப்ப எழும்பினாலும் ஏழு, ஏழரை வரைக்கும்.”

“முகூர்த்தம் அஞ்சே முக்காலுக்கு. சம்மணம் போட்டு ஒரு மணிக்கூர் உக்காரணும். எப்பிடி உக்காருவ?”

ஸ்ரீப்ரியா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். நீலாம்பாளும் அதை இதுவரை யோசிக்கவில்லை. தாலி ஏறட்டும் என்று சொன்னாளே தவிர, ஏறுகிற நேரத்தில் அந்த இடுப்பு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கவேயில்லை.

ஹரிகுமார் தன் அம்மாவைப் போனில் கூப்பிட்டான். “அம்மா, முகூர்த்தத்த ஒம்பது மணிக்கு மேல மாத்த முடியுமா?... இல்ல, ஆபீஸ் விஷயமில்ல. காரணம் சொல்லுகேன், முழுசாக் கேக்கணும்.” சொன்னான். மழுப்பாமல், டாக்டர் சொன்ன வரிசையிலேயே சொன்னான். பிறகு அவன் போனை நீலாம்பாளிடம் நீட்டினான். “அத்தை, உங்ககிட்ட பேசணுமாம்.”

நீலாம்பாள் இரண்டு கையாலும் வாங்கினாள்.

“மைனி,” என்றது சம்பந்தி சரஸ்வதியம்மாளின் குரல். “எட்டு மாசம் பிள்ளை வேதனைப்பட்டிருக்கா. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?”

“பயந்துட்டேன் மைனி.”

“நான் என்ன புலியா?” குரலில் கோபம் இருந்தது. கொஞ்சம் அழுகையும் இருந்தது. “ஒண்ணு கேக்கேன், மனசுல வச்சுக்காதீங்க. ஒரே பையனைப் பெத்தவ, கேக்காம இருக்க முடியல. நாளைக்கு ஒரு பிள்ளை பெறுகதுக்கு இதால ஏதும் உண்டுமா?”

‘அதெல்லாம் ஒண்ணும் இல்ல மைனி, எல்லாம் நார்மல்தான்’ என்கிற பதில் நீலாம்பாளின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. எதிரே ஸ்ரீப்ரியா தூணில் சாய்ந்து நின்று அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மைனி, அதை அவகிட்டயே கேளுங்க. அவ உடம்பு அவளுக்குத்தான் தெரியும். நான் சொன்னா தப்பாச் சொல்லிருவேன்.”

போனை மகளிடம் கொடுத்துவிட்டு நீலாம்பாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தனக்கு எட்டாத இடத்துக்குப் பேச்சு போய்விட்டது. ஒரு பக்கம் மட்டும்தான் காதில் விழுந்தது.

“சொல்லுங்க அத்தை... இல்ல, பெறலாம்னுதான் சொன்னாங்க. முன்னாடியே சொன்னா மருந்தை மாத்தித் தருவாங்களாம்... ஸ்கேன் வெள்ளிக்கிழமை... வாறீங்களா? நீங்க எதுக்கு அத்தை அவ்வளவு தூரம்... செரி, வாங்க.” பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றாள். ஹரிகுமார் அவள் முகத்தைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தான்.

“ஒம்பதரைக்கா?” என்றாள் ஸ்ரீப்ரியா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தாராளம் அத்தை. அந்த நேரத்துக்கு நான் நல்லாவே உக்காருவேன்.”